டிரைவர் சீட்டைத் தள்ளியது யார்?

"எவனோ ஒரு திருட்டுப்பய என் கார்ல ஏறி உக்காந்துட்டுப் போயிருக்கான். அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார் பழைய இரும்புக்கடைக்காரர். கத்திக்கொண்டே, ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

மனைவி வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க காணோம்?"

"ஒண்ணும் காணாமப் போகலை. சீட்டை முன்னாடி தள்ளி வச்சிருக்கான். போன ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்தப்பவும் இதே கதைதான்."

"சீட்டைத் தள்ளிட்டுப் போறதுக்குன்னு ஒரு திருடன் மெனக்கெட்டு வருவானா?"

"வந்திருக்கானே. மூணு பூட்டையும் திறந்து, திரும்ப மூணையும் பூட்டிட்டுல்ல போயிருக்கான். ஆள் குள்ளம். அது மட்டும் நிச்சயம்."

மனைவி கொஞ்சம் நிமிர்ந்து நின்றுகொண்டாள்.

அடுத்த தெருவில் ஒரு கார் களவு போன நாளிலிருந்து இந்த மூன்று பூட்டு ஏற்பாடு. சக்கரத்துக்கு, விற்க வந்தவன் அழாத குறையாகப் பேரம் பேசி வாங்கிய சங்கிலி. ஸ்டியரிங்குக்குக் குறுக்கே கடப்பாரை மாதிரி ஒரு தடி. சீட்டுக்கு அடியில், தட்டினால்தான் வண்டி கிளம்பும் என்று ஒரு ரகசிய சுவிட்ச். உடைப்புக்கு வந்த வண்டியை உடைக்க மனசு வராமல் தன் கையாலேயே தேற்றி எடுத்தவர். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவர் இப்படிக் காவல் இருந்ததில்லை.

எதிர்ச்சாரியில் சலவைக்கடை வைத்திருப்பவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தப்பவே சொன்னேன், இத்தனை பூட்டு ஆகாதுன்னு. கார் வாசல்லயே நிக்குது, ஒருத்தராலயும் திறக்க முடியலை. கடைசியில என் வேன்ல, அழுக்குத்துணி மூட்டைக்கு நடுவுல போட்டுத் தூக்கிட்டுப் போனோம்."

"பொழைச்சேனா இல்லையா? காரும் பத்திரமா இருந்துச்சா இல்லையா? அப்புறம் என்ன."

"என் வேன் அந்த நேரம் வெளிய போயிருந்தா?"

"போகலைல்ல. விடு."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே மனைவி கேட்டுப் பார்த்தாள், "எனக்கும் கொஞ்சம் ஓட்டச் சொல்லிக் குடுங்களேன்" என்று.

"நீயா? நாற்காலியை நகர்த்தினாலே சுவத்துல இடிக்கிறவ."

பேச்சு அத்தோடு முடிந்துபோனது.

ஞாயிறு முழுக்க யோசித்ததில் அவருக்கு ஒன்று உறைத்தது. கடையில் இருக்கும்போது சாவிக்கொத்து இடுப்பில். மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்து, டாக்டர் சொன்னபடி தூங்கும்போது தலையணைக்கு அடியில். அப்படியானால் திருடன் வெளியிலிருந்து வரவில்லை.

திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தார். கண்ணை மூடிக் குறட்டை விட்டார்.

"என்னங்க" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள் மனைவி.

குறட்டையில் இன்னொரு முறுக்கு ஏற்றினார்.

தலையணைக்கு அடியில் ஒரு கை நுழைந்தது. சாவிக்கொத்து சத்தமே இல்லாமல் நழுவியது.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார். வெங்காயம் உரிக்கிற வேகத்தில் சங்கிலியைக் கழற்றினாள். தடியை உருவினாள். கண்ணால் பார்க்காமலேயே கையைவிட்டு சுவிட்சைத் தட்டினாள். சலவைக்கடைக்காரர் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த எல் போர்டைப் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டு, இடதுபக்கம் ஏறிக்கொண்டார்.

கார் கிளம்பியது.

'கூட்டுக் களவாணிங்களா' என்று பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். கார் போன வேகத்துக்கு நடந்தே பின்னால் போக முடிந்தது. நடுவில் இரண்டு தடவை நின்று காத்திருக்க வேண்டியிருந்தது.

முனை திரும்பும்போது உள்ளே தெரிந்த காட்சி அவருக்குப் புரியவில்லை. சலவைக்கடைக்காரர் சீட்டைச் சாய்த்துப் படுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, சீக்கிரம் அண்ணி."

"கத்தாதீங்க தம்பி. நிஜத்துல அவர் இப்படியெல்லாம் கத்த மாட்டாரு. என்னைத்தான் திட்டுவாரு."

"சரி, திட்டறேன். ஏண்டி, கண்ணு தெரியலையா உனக்கு?"

"ம். இப்பத்தான் சரியா இருக்கு."

கார் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில், இடதுபக்கச் சுவரோரமாகப் போய் நின்றது. மனைவி குதித்து இறங்கி, சுற்றிக்கொண்டு ஓடினாள். முகமெல்லாம் வியர்வை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போன தடவைக்கு இன்னைக்கு வேகம்தான். ஆனா இந்த ஒரு வழியைத் தவிர வேற எந்த ரோடும் எனக்கு ஓட்டத் தெரியாது தம்பி."

"இது போதும் அண்ணி. வேற எங்க போகப் போறீங்க."

மரத்துக்குப் பின்னால் நின்ற இரும்புக்கடைக்காரர் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வலி ஒன்றும் இல்லை. விறுவிறுவென்று நடந்து, காருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்து, விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்ந்தார்.

சாயங்காலம் கடைக்குக் கிளம்பும்போது சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். கார் சாவி, பூட்டுச் சாவிகள் எல்லாவற்றையும் அதிலிருந்து உருவி, வாசல் கதவுப்பக்கம் இருந்த ஆணியில் மாட்டினார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் வாசலில் இறங்கி நின்று, சலவைக்கடைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"என் காரைத் திருடுற அந்தக் குள்ளப்பய காதுல விழட்டும். ஓட்டுறது பரவாயில்ல. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல சுவத்தோட ஒட்டி நிறுத்தினா, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவன் கதவைத் திறந்து எப்படி இறங்குவான்? நாளைக்கு முதல்ல அதைச் சரி பண்ணட்டும்."