நகல் இல்லாமல்

"என்டரைத் தட்டாதீங்க மாப்பிள்ளை!"

அண்ணன்காரன் பின்னாலிருந்து பாய்ந்து கீபோர்டின் மேல் கையை வைத்தான்.

தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் விவாகரத்து வழக்கு. குழந்தை யாரிடம் என்பது மட்டும்தான் பாக்கி. சாமான்களைப் பிரித்தாகிவிட்டது. கம்ப்யூட்டரில் கிடக்கும் படங்களைப் பிரிக்க இன்று மாப்பிள்ளை வந்திருந்தார். ஆளுக்கொரு டிஸ்க். மவுஸைத் தொடாமல், கருப்புத் திரையில் கட்டளைகளாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

தங்கைக்கு அது புரியாது. அண்ணனுக்குக் கொஞ்சம் புரியும். அதனால்தான் நாற்காலிக்குப் பின்னால் நந்தி மாதிரி நின்றான்.

"எல்லாத்தையும் காப்பி போடணும்னுதானே பேச்சு? இவ்வளவு நேரம் சிபி, சிபின்னு போட்டீங்க, சும்மா இருந்தேன். இப்ப மட்டும் ஏன் எம்வி?"

"அப்படின்னா என்ன அண்ணே?" துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை கேட்டாள்.

"சிபின்னா காப்பி, ரெண்டு பக்கமும் இருக்கும். எம்வின்னா மூவ். இருந்த இடத்துல ஒண்ணும் மிஞ்சாது. வழிச்சுத் துடைச்சு எடுத்துக்கிட்டுப் போகப் பாக்கறார்."

"முழு வரியையும் படிங்க மச்சான். எங்கேருந்து எங்கே போகுதுன்னு."

படித்தான். மாப்பிள்ளையின் டிஸ்க்கிலிருந்து தங்கையின் டிஸ்க்குக்கு.

"உங்களோடதை ஏன் அவளுக்குத் தள்ளறீங்க? என்ன இருக்கு இதுல?"

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா பிறந்த புதுசுல இவ உடம்பும் மனசும் சரியில்லாம இருந்தா இல்லையா? அப்ப கத்தினது, தட்டை விட்டெறிஞ்சது, குழந்தையைத் தொட மாட்டேன்னு அழுதது. ஏதோ ஆத்திரத்துல போன்ல பிடிச்சு, அப்படியே இந்த டிஸ்க்குக்கு மாத்தி வச்சேன். இது ஒண்ணு போதும், குழந்தை உங்களுக்குத்தான்னு இன்னும் பாக்காமலே என் வக்கீல் சொல்றார்."

அண்ணனின் கை கீபோர்டிலிருந்து தானாக இறங்கியது.

"அழிச்சிருக்கலாமே?"

"நான் அழிச்சேன்னு சொன்னா யார் நம்புவா? அவளோடது அவகிட்டயே போகட்டும். காப்பின்னா என்கிட்டயும் ஒண்ணு தங்கிடும் மச்சான். கோர்ட்ல தோக்கற மாதிரி இருந்தா என் கை சும்மா இருக்காது."

என்டரைத் தட்டினார். திரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரிக்கு வந்து நின்றது. தன் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு, "வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

எல்லாம் காதில் விழுந்திருந்த தங்கை, மடித்த துணி மடியிலேயே கிடக்க, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"அண்ணே, வேலை போன சமயத்துல அவர் குடிச்சிட்டு மாடிப்படியில விழுந்து கிடந்தாரே, அந்த வீடியோவை என் போன்லேருந்து பென்டிரைவ்ல எடுத்தியே. கொடு."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"வேற எங்கேயாவது இருக்கா?"

அண்ணன் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நம்ம வக்கீலுக்கு ஒரு காப்பி நேத்தே அனுப்பிட்டேன்ம்மா."