ஓசிச் சவாரி

முந்நூறு கிலோமீட்டரை மாலை ஆறுக்குள் சைக்கிள் மிதித்து முடித்தால்தான் பதக்கம். போன வருடம் பத்து நிமிடத்தில் கோட்டைவிட்ட துணிக்கடைக்காரர், இந்த முறை எதிர்க்கடைக்காரரின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டார். முன்னால் போகிற அவர் எதிர்காற்றைத் தாங்கட்டும்; பின்னால் மிதிப்பது லேசு. குனிந்த தலை நிமிராமல் நாம் மிதித்தால் போதும்.

“கொஞ்ச நேரம் முன்னாடி வாங்களேன், முதலாளி.”

“முட்டி வலிக்குது.”

“காலையிலேருந்து நாலு தடவை கேட்டுட்டேன்.”

“என் வாடிக்கைக்காரங்களை முன்னால போய்ப் பிடிக்கத் தெரியுதுல்ல? காத்தையும் நீங்களே பிடிங்க.”

இருநூறாவது கிலோமீட்டரில் எதிர்க்கடைக்காரர் துவண்டார். “கண்ணு இருட்டுது. ஒரு வாழைப்பழம் குடுங்க.”

துணிக்கடைக்காரரின் பையில் நாலு இருந்தன. “எனக்கே கணக்காத்தான் இருக்கு.”

எதிர்க்கடைக்காரர் மெதுவாக மிதித்து ஒரு பாலத்தை நேராகத் தாண்டினார்; துணிக்கடைக்காரர் குனிந்தபடியே பின்தொடர்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு வீட்டு வாசலில் இறங்கி, அழைப்பு மணியை அழுத்தினார்.

துணிக்கடைக்காரர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். “போட்டிக்கான செக்பாயிண்ட் இங்கேயா?”

“பாதை அந்தப் பாலத்துலேயே இடதுபக்கம் போயிடுச்சு. பசி தாங்காம நான் போட்டியை விட்டுட்டேன். இது என் மாமியார் வீடு.”

“அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“முன்னாடி வந்திருந்தா நீங்களே பார்த்திருப்பீங்க.”

கதவு திறந்தது. “வாங்க மாப்பிள்ளை. கூட வந்தவரும் சாப்பிடுவாரா?”

“வேண்டாம் அத்தை. அவர் கணக்காப் பழம் வெச்சிருக்கார்.”