ஏரிக்கு மேலே, ஒரு வளைவு

அவள் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள்.

பின்சக்கரம் ஈரத் தாரில் வழுக்கி நின்றது. ஒரு கால் தரையில். மற்றது பெடலில் மாட்டியபடி.

மேலேயிருந்து குரல்.

"வசூ..."

காட்டுச் சாலையில் வேறு சத்தம் இல்லை. அவனுடைய குரல்தான். ஆனால் அவன் அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து ஒருநாளும்.

சற்று முன்புதான் அவனைச் சாலையோரக் கட்டைச்சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். ஏற்றத்தில் எப்போதும் அவளை விட்டுவிட்டு முன்னால் போய்விடுகிற சம்பத், இன்று பின்னால் வந்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தான். அப்புறம் சைக்கிளை அப்படியே கீழே போட்டான். புது சைக்கிள். கீறல் விழக்கூடாதென்று காரில் போர்வை சுற்றி மலைக்கு ஏற்றி வந்தது.

"நெஞ்செரிச்சல்தான். காலைல பூரி தின்னது."

முகம் சாம்பலாக இருந்தது. நீலகிரிக் குளிரில் சட்டை முழுக்க வேர்வை.

இரண்டு செல்போனிலும் டவர் இல்லை.

"நான் கீழ போயி யாரையாச்சும் கூட்டிட்டு வந்தர்றனுங்க. அசையாம இருங்க."

தலையாட்டினான்.

தன் ஜெர்கினைக் கழற்றி அவன் மேல் போர்த்தினாள். சைக்கிளில் ஏறினாள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் வந்தாள், இந்த வளைவு வரைக்கும்.

"வசூ..."

கற்பூர மரங்களுக்கு நடுவே ஏரி தெரிந்தது. தண்ணீர் வற்றி, எதிர்க்கரை செம்மண்ணாகக் கிடந்தது. ஆள் இல்லை. இந்தப் பக்கத்துக் கரையை மரங்கள் மறைத்திருந்தன.

கீழே போவது சுலபம். மிதிக்கக்கூட வேண்டாம்.

சைக்கிளைத் திருப்பினாள்.

எழுந்து நின்று மிதித்தாள். கியரை மாற்ற மறந்துபோய், தொடை எரிய எரிய மிதித்தாள்.

அவன் சுவரிலிருந்து சரிந்து பக்கவாட்டில் கிடந்தான். ஹெல்மெட் வார் தாடைக்குக் கீழே அழுத்தியிருந்தது. அவிழ்த்தாள். தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"போகாத புள்ள. பயமா இருக்குது."

இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுகிறவன்.

"போகலீங்க. இங்கதான் இருக்கறேன்."

அவள் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். ஒருமுறை எழப் பார்த்தாள். பிடி இறுகியது. அதற்கப்புறம் அவள் எழப் பார்க்கவில்லை.

மூடுபனி வந்தது. போனது. சோலைக்குள் ஒரு கருமந்தி கத்தி ஓய்ந்தது.

அவனோடு பேசிக்கொண்டே இருந்தாள். வாயில் வந்ததையெல்லாம். வீட்டு மோட்டார் ரிப்பேர். மகளுக்குப் பல்லில் கம்பி போட வேண்டியது. அவன் "ம்" என்றான்.

பிறகு சொல்லவில்லை.

தரையில் கிடத்தி, நெஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். கை துவளும்வரை. துவண்ட பிறகும்.

ஜீப் கீழேயிருந்து வந்தது.

வனக்காவலர் குதித்து இறங்கினார். நரைத்த மீசை. சட்டையில் போஜன் என்று பெயர். சம்பத்தின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். மூக்கருகே புறங்கையைக் கொண்டுபோனார்.

"அய்யோ, அம்மா. காலையிலிருந்து நாங்க ஏரிக்கரையிலதானே இருந்தோம். இந்த வளைவுக்கு நேர் கீழ. ஜீப்பை வெச்சுக்கிட்டு."

"வளைவு வரைக்கும் வந்தேன்," என்றாள் அவள்.

போஜன் அவள் முகத்தைப் பார்த்தார். சம்பத்தின் தோளுக்கடியில் கை கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அதிக வேலை இருக்கவில்லை. டாக்டர் வயதில் சின்னவர். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து ஈஸ்வரமூர்த்தி மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். சம்பத்தின் அண்ணன். அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தவர். உள்ளே போய்த் தம்பியைப் பார்த்தார். டாக்டரிடம் பேசினார். வெளியே வந்து அவள் முன்னால் நின்றார்.

"ஏம்மா. கையில சைக்கிள் இருந்துச்சு. எறக்கம் வேற. போயி ஒருத்தரைக் கூட்டியாந்திருக்கக் கூடாதா? சும்மாவா உக்காந்திருந்தே?"

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள்.

"கீழ யாரும் இல்லீங்க சார்."

போஜன். அவர் வேலை எப்போதோ முடிந்திருந்தது. போகாமல் சுவரோரம் நின்றிருந்தார்.

"நாங்க மேல் காட்டிலிருந்துதான் வந்தோம். ஏரிப் பக்கம் இன்னிக்கு ஆளே கிடையாது. அவங்க எம்புட்டு தூரம் போயிருந்தாலும் யாரும் கெடச்சிருக்க மாட்டாங்க."

சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஈஸ்வரமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்தார். மலையேறி வரும்போது கொண்டுவந்த கோபத்தை இறக்கி வைக்க இடம் இல்லாமல் போயிற்று. தோள்கள் குலுங்கின. பிறகு எட்டி, அவள் தலையில் கை வைத்தார்.

"நீ என்னம்மா பண்ணியிருக்க முடியும்."

அவள் குனிந்துகொண்டாள்.

அவர் கையை எடுக்கவில்லை.