பள்ளத்திலிருந்து வந்த குரல்

மலைப்பாதையில் ஒரு பழைய வேன் பனிமூட்டத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. "அண்ணே, எண்ணெய் ஒழுகி எனக்கு உள்ளே எரியுது. கொஞ்சம் நில்லுங்களேன்" என்றது கியர்பெட்டி.

"உனக்கு எப்பவும் புலம்பல்தான்" என்று இன்ஜின் இன்னும் வேகமாக உறுமியது.

அடுத்த வளைவில் இழுவை சட்டென்று போய்விட்டது. இன்ஜின் எவ்வளவு கத்தியும் சக்கரம் சுழலவில்லை. "பிடிடா தம்பி!" என்று அலறியது. வேன் பின்னால் உருளத் தொடங்கியது. டிரைவர் இசக்கி பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துப் பிடித்தார். பள்ளத்தின் விளிம்பில் வேன் நின்றது, இன்ஜினும் அணைந்துபோனது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடி அவர் பனிக்குள் போனார்.

அப்போது பள்ளத்துக்குள்ளிருந்து கரகரத்த குரல் ஒன்று கேட்டது. "மேலே யாரு, இன்ஜினா?"

"ஆமா. நீங்க?"

"நானும் இன்ஜின்தான். இங்க விழுந்து பதினோரு வருஷம் ஆச்சு. உன் கியர்பெட்டி பேசுதா? என்னோடது அன்னிக்கு வாயை மூடினதுதான், இன்னும் பேசலை."

இன்ஜின் தன் கியர்பெட்டியைப் பார்த்து, "தம்பி..." என்று முதல்முறையாக மெதுவாகக் கூப்பிட்டது. "ரொம்ப வலிக்குதா?"

கியர்பெட்டிக்குள் எதுவும் அசையவில்லை.

கீழிருந்து அந்தக் குரல் ஆவலாகக் கேட்டது: "என்ன சொல்லுது?"