ஷோகேஸில் வெள்ளைப் பட்டு

"நைலக்ஸ் புடவையை எடுத்துட்டு வெள்ளையைக் கொண்டுபோய் ஷோகேஸ்ல மாட்டியிருக்கியே, இது கல்யாணக் கடையா, கருமாதிக் கடையா?"

மருங்காபுரியிலிருந்து வந்து மலைக்கோட்டைக் கடைவீதியில் புதிதாக ஜவுளிக்கடை போட்டிருந்த செல்லக்கண்ணு, கடைக்குள் வந்ததும் வராததுமாக மனைவியிடம் கத்தினார்.

"சரிகை போட்ட பட்டுங்க. விக்கும்னுதான் வாங்கினேன்" என்றாள் ரெங்கம்மாள்.

"இருபது வருஷமா ஜவுளி விக்கிறேன். வெள்ளையை யாரு வாங்குவான்னு எனக்குத் தெரியாதா?"

"அது மருங்காபுரிங்க. இது திருச்சி."

"ஊர் மாறினா வெள்ளை மாறிடுமா?" புடவையை உருவி அவள் கையில் திணித்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு தாயும் மகளும் உள்ளே வந்தார்கள். மகளின் நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலியில்லை.

"இவளுக்கு வெள்ளைப் புடவை எடுக்கணுங்க" என்றாள் தாய்.

செல்லக்கண்ணு மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெள்ளை நூல் புடவை ஒன்றை விரித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சின்ன வயசு. மாப்பிள்ளை எப்படிங்க தவறினாரு?"

மகள் சீறினாள்.

"அவரு நல்லா இருக்காருங்க! வர்ற திங்கக்கிழமை மாதா கோயில்ல எங்களுக்குக் கல்யாணம். எங்கள்ல பொண்ணு வெள்ளை உடுத்திதான் கோயிலுக்குப் போவா. காலையில உங்க ஷோகேஸ்ல ஒரு வெள்ளைப் பட்டு இருந்துச்சே, அதைக் காட்டுங்க."

ரெங்கம்மாள் கையிலிருந்ததை நீட்டினாள். மகள் விலைகூடக் கேட்கவில்லை.

செல்லக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். "ரெங்கம், பார்சல் கட்டு."

ரெங்கம்மாள் அலமாரியிலிருந்து இன்னொரு வெள்ளைப் பட்டை உருவினாள்.

"நீங்களே கட்டுங்க. எனக்கு ஷோகேஸ்ல வேலை இருக்கு."