பின்சக்கரப் பிரார்த்தனை

இரண்டாம் உலகப் போர் முடிந்து முப்பது வருஷம் கழித்து, இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமத்துச் சர்ச்சில் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் பழைய பின்சக்கரத்தைப் பட்டுத்துணி விரித்து வைத்திருந்தார்கள். பாதிரியார், அந்த விமானத்தில் பறந்த நாரிஸ் எழுதிய போர் நினைவுப் புத்தகத்தைத் திறந்து கண்கலங்க வாசித்தார்.

"ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் நாங்கள் ஏழு பேரும் பின்சக்கரத்தைச் சுற்றி நின்றோம். தலை குனிந்திருந்தோம். ஒருவரும் பேசவில்லை. முடிந்ததும் பாரம் இறங்கியது போலிருந்தது."

அதே விமானத்தின் வால் பக்கம் துப்பாக்கியோடு உட்கார்ந்து பறந்த வில்ஃபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் மெடல்களோடு உட்கார்ந்திருந்த நாரிஸை விலாவில் இடித்தார்.

"ஏன்டா, சர்ச்சுல வச்சு வாசிக்கிற அளவுக்கா புளுகுவே?" என்று கிசுகிசுத்தார்.

"எதுடா புளுகு? சுத்தி நின்னோமா இல்லியா?"

"நின்னோம்."

"யாராச்சும் வாயத் தொறந்தோமா?"

"இல்ல."

"தலை குனிஞ்சோமா?"

"குனிஞ்சோம்டா! பூட்ஸ் நனையக் கூடாதுன்னா குனிஞ்சு பாத்துத்தானே ஒண்ணுக்கு அடிக்கணும்! ராசின்னு சக்கரத்து மேல அடிச்சதெல்லாம் சரி. அதுக்கு நேர் மேல உக்காந்து, பெர்லின் வரைக்கும் அந்த நாத்தத்தோட போனவன் நான்!"

"மெதுவாப் பேசு. எழுதாம விட்டது பொய்யில்லடா."

பாதிரியார் புத்தகத்தை மூடினார்.

"இந்தப் புனிதச் சக்கரத்துக்கு முதல் முத்தம் கொடுக்க, இதை எழுதினவரையே கூப்பிடறேன்."

நாரிஸுக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்தது. வில்ஃப் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்.

"போடா. தலையக் குனி. ஒரு வார்த்தை பேசக் கூடாது."