கொழுப்பைக் கரைத்த பொடி

மேசைக்குப் பின்னால் லாயத்தின் முதலாளி, அவருக்கு வலப்பக்கம் கால்நடை மருத்துவர், கதவோர நாற்காலியில் பிதுங்கியபடி பயிற்சியாளர்.

"மூணு மாசப் பயிற்சியில குதிரைக்குக் கொழுப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு," என்றார் மருத்துவர்.

"எல்லாம் அந்தக் கொழுப்பு கரைக்கிற பொடிதான். இன்னும் நாலு மூட்டை அனுப்பச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுய்யா," என்றார் முதலாளி.

பயிற்சியாளர் நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார். "வேலையை விட்டு அனுப்பிடாதீங்க முதலாளி. பொடி குதிரை வாயில படவே இல்ல. தொப்பை கரையும்னு நானே பால்ல கலந்து குடிச்சுட்டேன்."

"அப்புறம் குதிரை எப்படிய்யா இளைச்சுது?"

"தினமும் என்னையில்ல சுமந்துக்கிட்டு ஓடுது!"

மருத்துவர் சிரித்துவிட்டார். முதலாளி சொல்லச் சொல்லப் பயிற்சியாளரே எழுதினார்: 'பொடி வேண்டாம். எங்கள் பயிற்சியாளரே போதும்.'

உறையின் பசையும் தொப்பையில் சேர்ந்துவிடுமோ என்று அதை நாக்கில் படவிடாமல், தண்ணீர் தொட்டு ஒட்டி, நடந்தே போய்த் தபால்பெட்டியில் போட்டார்.